மெழுகுவத்தித் திருநாளில் கேட்காத கேள்வி

நெதர்கோம் பண்ணை,
டார்செட்.
29 மார்ச் 1951

என் பிரியமுள்ள தம்பி வால்ட்டுக்கு,

அக்கா எலன் எழுதுவது. இங்கே உடம்புக்கு எல்லாரும் சுகம். மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. கனடாவில் இன்னும் பனி விலகவில்லை என்று செய்தித்தாளில் பார்த்தேன். நெஞ்சுக்குக் கம்பளித் துணி சுற்றிக்கொள்கிறாயா? உன் பெண்டாட்டி மார்கரெட் உயிரோடு இருந்திருந்தால் சுற்றிவிட்டிருப்பாள். அவள் போன பிறகு உன்னை அதட்ட அங்கே யார் இருக்கிறார்கள்?

மேசையைக் கட்டிவிட்டதால் ஒரு பெட்டியின் மேல் வைத்து இதை எழுதுகிறேன். கையெழுத்துக் கோணலுக்கு அதுதான் காரணம். நாலு வரி எழுதுவதற்குள் எழுந்து போய் எதையாவது இடம் மாற்றி வைக்கிறேன். கட்டியதை அவிழ்க்கிறேன், அவிழ்த்ததைக் கட்டுகிறேன். ஆம் தம்பி, வீட்டைக் காலி செய்கிறோம். பத்தொன்பது வருடம் இருந்த வீடு. ஏப்ரல் ஆறாம் தேதி, பண்ணையாட்கள் வீடு மாறுகிற பழைய மாதா நாளன்று, லாரி வருகிறது.

காரணத்தைச் சொன்னால் சிரிப்பாயோ, அழுவாயோ தெரியவில்லை. பண்ணை வேலை இருக்கும்வரைதான் பண்ணை வீடு என்கிற நம் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. பிப்ரவரி தொடக்கத்தில் மெழுகுவத்தித் திருநாள் வந்ததும் முதலாளி ஆளைப் பார்த்து, இந்த வருடமும் இருக்கிறாயா என்று கேட்கவேண்டும். கேட்டால் இருக்கலாம். கேட்காவிட்டால் போ என்று அர்த்தம். வாயால் போ என்று யாரும் சொல்வதில்லை. எங்கள் முதலாளி பெரியவர் ஸ்ட்ரிக்லண்ட் வருடம் தவறாமல் மாட்டுக்கொட்டகையின் அரைக்கதவில் சாய்ந்துகொண்டு, "என்ன ஜெத்ரோ, இந்த வருஷமும் இருக்கியா, இல்ல என்னைவிட நல்லவன் எவனாச்சும் கெடைச்சிட்டானா?" என்பார். உன் அத்தானும், "நல்லவனைத் தேடிட்டுத்தாங்க இருக்கேன், அதுவரைக்கும் இருக்கேன்" என்பார். அவ்வளவுதான் அவர்கள் ஒப்பந்தம்.

பெரியவர் போன இலையுதிர் காலத்தில் இறந்துபோனார். சரே பக்கத்திலிருந்து அவருடைய தங்கை மகன் வந்து பண்ணையை ஏற்றிருக்கிறான். மிஸ்டர் ஹேவர்டு. ராணுவத்தில் இருந்தவன். டிராக்டரைக் கட்டிக்கொண்டு அழுகிறான், அல்லது லண்டனுக்கு ஓடுகிறான். மெழுகுவத்தித் திருநாள் வந்தது. அவன் கொட்டகைப் பக்கமே வரவில்லை. மறுநாள் வந்து மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனான். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார் உன் அத்தான். பிறகு நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போய், சாக்வெல் பண்ணைக்காரர் ப்ளோமனிடம் வேலைக்கு வருவதாகக் கைகொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

நான் சொல்லாமல் இல்லை. "உங்க எடத்துக்குப் புதுசா வர்றவன் பெண்டாட்டி எவளாச்சும் இந்த வீட்டு ஜன்னல் திரைக்கு அளவெடுக்க வந்தாளா? அந்தப் பையனுக்கு வழக்கம் தெரியாம இருக்கலாம், ஒரு வார்த்தை நீங்களே கேட்டா என்ன?" என்றேன். அதற்கு அவர், "கேக்கவேண்டியவன் அவன். நான் போய் நிக்கமாட்டேன். நாய்கூடக் கூப்பிட்டாத்தான் வரும், எலன்" என்று சொல்லிவிட்டுப் பூட்ஸைத் துடைக்கப் போய்விட்டார். நான் மட்டும் என்ன யோக்கியம்? முட்டை கொடுக்க வாரந்தோறும் பெரிய வீட்டுக்குப் போகிறேன். அந்தப் பையன் கதவைத் திறந்து நன்றி சொல்கிறான். கேள்வி நாக்கு நுனிவரை வருகிறது, விழுங்கிவிட்டு வருகிறேன்.

பெட்டி கட்டும்போதெல்லாம் அப்பாவின் நினைப்புதான். எந்த முதலாளியோடும் அவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஒத்துப்போனதில்லை. வருடா வருடம் மாதா நாளில் ஒரு வண்டி, ஒரு புது ஊர், ஒரு புதுப் பள்ளிக்கூடம். எந்தப் பாடப்புத்தகத்திலும் நீயும் நானும் கடைசிப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை. "நம்ம கோழிங்களுக்கு மாதா நாள் வந்தாப் போதும், தானே மல்லாந்து படுத்துக் காலை நீட்டிடும், கட்டுங்கடான்னு" என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். ஆனால் போன இடமெல்லாம் நெல்லிச்செடி நட்டாளே, ஒரு செடியிலாவது அவள் பழம் பறித்துத் தின்றாளா? பன்னிரண்டு வயதில் நான் பால்பண்ணை வேலைக்குப் போனபோது சந்தோஷமாகத்தான் போனேன். வெண்ணெய் கடைவதிலிருந்து வாளி கழுவுவது வரை இடுப்பொடிந்தது, ஆனாலும் அடுத்த வருடமும் அதே கட்டில், அதே ஜன்னல். ஜெத்ரோவைக் கட்டிக்கொண்டதற்கும், உண்மையைச் சொன்னால், அவர் ஒரே இடத்தில் நிற்கிற மனுஷன் என்பதுதான் முதல் காரணம். இப்போது அவரே என்னை வண்டியேற்றுகிறார்.

பூனை பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன்.

உன் அக்கா,
எலன்


சாக்வெல்,
டார்செட்.
22 ஏப்ரல் 1951

அன்புத் தம்பி வால்ட்டுக்கு,

முன் கடிதம் கிடைத்திருக்கும். கிடைத்ததோ இல்லையோ, இதை முழுக்கப் படி. நடந்ததை யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

ஆறாம் தேதி காலைப் பாலைக் கறந்து, கொட்டகையைக் கழுவி, வாளிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் உன் அத்தான் லாரிக்கு வந்தார். வழக்கப்படி, அடுத்துக் குடிவருகிறவர்களுக்காக நான் அடுப்பில் தீ மூட்டி வைத்தேன். வருகிறவர்கள் யாரையும் காணோம். அலமாரி, கட்டில், கோழிக்கூடு எல்லாம் ஏற்றிக் கயிறு கட்டும்போது அந்தப் பையன் ஹேவர்டு சாப்பிட்ட கையோடு ஓடிவந்தான். வாயோரத்தில் முட்டை ஒட்டியிருந்தது. "என்ன ஜெத்ரோ இது? எங்க போறீங்க? சாயங்காலம் பால் யாரு கறப்பா?" என்றான். உன் அத்தான் தொப்பியைக்கூட எடுக்காமல், "நீங்க வச்சிருக்கிற புது ஆள் கறப்பாருங்க" என்றார். "புது ஆளா? நான் யாரையும் வைக்கலையே! உங்களை யாரு போகச் சொன்னது?" என்று அவன் என்னைப் பார்த்தான்.

நான்தான் சொன்னேன். மெழுகுவத்தித் திருநாளில் நீங்கள் கேட்கவில்லையே என்றேன். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும் நீ. "என்னத்தைக் கேக்கணும்? இங்கேயே பத்தொன்பது வருஷமா இருக்கிறவரை, இருக்கியான்னு எதுக்குக் கேக்கணும்? அது மரியாதையில்லைன்னுல்ல நெனச்சேன்!" என்றான். மரியாதையாம்! எனக்குச் சிரிப்பும் வந்தது, அவனை அறையவும் தோன்றியது.

பிறகு அவன் ஒரு காரியம் செய்தான். லாரி பக்கத்தில் நேராக நின்று, எல்லார் முன்னாலும், "ஜெத்ரோ, இந்த வருஷமும் இருப்பீங்களா?" என்று கேட்டான். கயிறு கட்டிக்கொண்டிருந்தவன்கூடக் கையை நிறுத்திவிட்டான். உன் அத்தான் கொட்டகைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு, "அது பிப்ரவரியில கேக்கவேண்டிய கேள்விங்க, ஐயா. இப்ப நான் வேற ஒருத்தருக்குக் கைகொடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். "எறங்குங்க, ஜெத்ரோ. ப்ளோமன்கிட்ட நான் பேசிக்கறேன், எறங்குங்க" என்று கெஞ்சினேன். கையைப் பிடித்து இழுத்தேன். "குடுத்த கை குடுத்ததுதான்" என்றார். லாரி கிளம்பிவிட்டது.

அப்படித்தான் தம்பி, யாரும் துரத்தாமல் நாங்கள் வீட்டை விட்டு வந்தோம்.

இங்கே புகைபோக்கி புகையை உள்ளேயே தள்ளுகிறது. தண்ணீருக்குத் தெருக்கோடிக் குழாய்க்குப் போகவேண்டும். பூனையின் பாதங்களில் வெண்ணெய் தடவி விட்டேன், தடவினால் புது வீட்டை விட்டு ஓடாது என்பார்களே. பங்கீட்டு வெண்ணெய் போனதுதான் மிச்சம், பூனை ஓடிவிட்டது. ப்ளோமன் கெட்டவர் இல்லை. ஆனால் இங்கே பால் கறக்க இயந்திரம் இருக்கிறது. ஜெத்ரோ அதன் பக்கத்தில் நின்று குழாய் மாட்டுகிறார். விடிவதற்கு முன் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போய், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நிற்கிறார். நெதர்கோமில் டச்சஸ் என்று ஒரு பசு உண்டு, இவர் கைக்குத் தவிர வேறு யாருக்கும் பால் விடாது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். நானும் அவரோடு சரியாகப் பேசுவதில்லை. கோபம் வால்ட், கண்மண் தெரியாத கோபம். தட்டைக் கழுவும்போது தட்டின் மேல், துணி பிழியும்போது துணியின் மேல். அவர்மேல் இருக்கிற கோபத்தைவிட, வாயை மூடிக்கொண்டே வாழ்கிற நம் எல்லார்மேலும்.

அப்பாவும் அப்படித்தானே போய்ச் சேர்ந்தார். வண்டியில் சாமான் ஏற்றமாட்டேன் என்று பதினேழு வயதில் நீ மல்லுக்கு நின்றாய். "அப்ப உன் வழியப் பாத்துக்கடா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார் அவர். நீ கனடாவுக்குக் கப்பலேறிய பிறகு, அவன் வரேன்னு கேட்டா வேணாம்னா சொல்வேன் என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். நீயோ, அவர் வான்னு கூப்பிட்டா வராமலா இருப்பேன் என்று எனக்கு எழுதினாய். நடுவில் நின்ற நான் அவர் சொன்னதை உனக்கும் எழுதவில்லை, நீ சொன்னதை அவருக்கும் படித்துக் காட்டவில்லை. அவரவர் வாயால் சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன். கடைசியில் அவரையே மண்ணைப் போட்டு மூடிவிட்டோம்.

போன கிறிஸ்துமஸ் அட்டையில் நிலத்தை விற்றுவிட்டேன் என்று எழுதியிருந்தாய். இனி எங்கே போவதென்று யோசிக்கவில்லை என்றாய். அதன் கீழே கொஞ்சம் இடம் விட்டிருந்தாய். அந்த இடம் எதற்கு என்று எனக்குத் தெரியும். பதிலுக்கு நான் வானிலையைப் பற்றி எழுதினேன்.

இனி வானிலை வேண்டாம். வால்ட், எங்களோடு வந்து இருக்கிறாயா? இது ஜாடை இல்லை, ஒப்புக்கு அழைப்பதும் இல்லை. சமையலறைக்கு மேலே ஒரு சிறிய அறை காலியாக இருக்கிறது, ஈரமாகத்தான் இருக்கும், கூரை தலையில் இடிக்கும். ஜெத்ரோ என்ன சொல்வார் என்று நான் அவரைக் கேட்கவில்லை. எழுதி முடித்ததும் போய்க் கேட்கப்போகிறேன், வாயைத் திறந்து. நீ வந்தால் அவரும் பேசுவார் என்று ஒரு நம்பிக்கை.

வர இஷ்டமில்லையென்றால் இல்லை என்று எழுது. தாங்கிக்கொள்வேன். பதில் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

வருவதானால், கடல் உனக்கு அமைதியாக இருக்கட்டும். கடவுள் உன் கூடவே கப்பலேறட்டும்.

உன்னைக் கேட்டுவிட்ட அக்கா,
எலன்