கை தானாகப் படாது

இன்று காலை பாத்திரம் தேய்க்க வரும் பெண் என் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டாள். "கை பட்டுடுச்சும்மா" என்றாள். நான் திட்டவில்லை. அவள் சில்லுகளைப் பெருக்கி எடுக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். நீ போய் ஒரு வாரம் ஆகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை.

'கை பட்டுடுச்சு' என்ற சொல் உனக்குப் பிடிக்காது. எழுபதுகளின் கடைசியில், தேரடித் தெருத் துணிக்கடை மாடியில் நம் பெண்கள் சங்கம் கூடும். மனைவியை அடித்தவனை வரவழைத்து, அவள் முன்னாலேயே முக்காலியில் உட்காரவைப்பாய். எல்லோரும் ஒரே மாதிரிதான் தொடங்குவார்கள்: "கை பட்டுடுச்சுங்க."

"கை மட்டும் தனியா பஸ் ஏறி வந்துச்சாய்யா?" என்பாய். பெண்கள் சிரிப்பார்கள். "அடிச்சேன்" என்று அவன் வாயால் சொல்லும்வரை விடமாட்டாய். சொன்னதும் நீயே டீ ஊற்றிக் கொடுப்பாய். "சொன்னவனை வெறும் வயித்தோட அனுப்பக்கூடாது" என்பாய். அப்போதுதான் கணவரை இழந்திருந்தேன். யார் இரக்கமும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. அரைகுறை வாக்கியத்தை நீ ஏற்காததால்தான் அந்த மாடி ஏறி வந்தேன். கான்வென்ட்டில் படித்தவள் என்று என்னை 'மிஸ்ஸு' ஆக்கினாய்.

பிறகு ஒரு நாள் சரோஜா கன்னம் வீங்கி வந்தாள். நீயும் அவளும் கணவன் மனைவி போல ஒரே வீட்டில் வாழ்ந்தது சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"ரெண்டு பொம்பளைங்க குடித்தனம்னு ஏற்கெனவே ஊரு சிரிக்குது. இது வெளியே போனா சங்கமே இருக்காது. மூடிடலாம்" என்றார் கீழ்பென்னாத்தூர் கமலாக்கா.

"இல்லன்னா ரெண்டு பேரையும் அனுப்பிடலாம்" என்றாள் இன்னொருத்தி.

"நான் எங்க போவேன்?" என்றாள் சரோஜா.

நீயாகவே முக்காலியில் உட்கார்ந்தாய். "கை பட்டுடுச்சு" என்றாய்.

யாரும் சிரிக்கவில்லை. நான்தான் கேட்டேன்: "பஸ் ஏறி வந்துச்சா?"

சரோஜாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாய். "சரோஜாவ நான் அடிச்சேன்."

டீ ஊற்ற யாரும் எழவில்லை. நான் எழுந்தேன்.

"இவளுக்குமா?" என்றார் கமலாக்கா.

"இவளுக்கும்தான்."

சரோஜா என் வீட்டுக்கு வந்தாள். அவள் கூப்பிடும்வரை நீ வாசல் தாண்டக்கூடாது என்றேன். நீ தாண்டவில்லை. மழையெல்லாம் ஓய்ந்து, கார்த்திகை தீபத்தன்றுதான் கூப்பிட்டாள்; உன்னோடு வீடு திரும்பினாள். அதன்பின் ஒவ்வொரு தீபத்துக்கும் அவளைத் தனியே அழைத்துக் கேட்பேன், நீ அவளை மறுபடி அடித்தாயா என்று. "இல்லக்கா" என்பாள். உனக்கும் இது தெரியும். "கேளு மிஸ்ஸு. கேட்டுட்டே இரு" என்பாய்.

போன வாரம் அவள் போன் செய்தாள். "அவ தவறிட்டாக்கா."

அதுவும் 'கை பட்டுடுச்சு' போலத்தான். நான் திருத்தவில்லை.

இப்போது முழுதாக எழுதிப் பார்க்கிறேன்: நீ செத்துப்போனாய். எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது. பிழை ஒன்றும் இல்லை.

வரும் தீபத்துக்குச் சரோஜா வருவாள். அவளிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை.