இன்னும் ஒரே ஒரு ராடு

மாப்பிள்ளை,

பக்கத்துத் தோட்டத்தில் காலையிலிருந்து ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் ஓடுகிறது. கல்மாவு பறந்து வந்து என் வாசல் முழுக்க வெள்ளையாகப் படிந்துவிட்டது. டீசல் நெடியும் பாறை வாடையும் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. அன்பாக வந்தது என்று எழுத ஆசைதான். எரிச்சலோடுதான் வந்தது.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. செத்தவனைத் திட்டக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது திட்டியே நீ கேட்கவில்லை, இப்போது கேட்டுவிடப் போகிறாயா?

ஆளுக்குப் பாதி போட்டு ரிக் வண்டி வாங்கி ஊர் ஊராகப் போர் போட்டோம். எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று பந்தயம் கட்டுவது எந்த வண்டியிலும் உண்டு. ஒரு டீ, மிஞ்சினால் ஒரு பிரியாணி. நான் அதைத் தாண்டியதில்லை. நீயோ வேலை பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்டுகளோடு கட்டினாய். முதலில் கைக்கடிகாரம் போனது, அப்புறம் பைக். ஜெயித்தால் நாமக்கல் வரைக்கும் கேட்கும்படி சொல்வாய். தோற்றால், "வண்டிய சர்வீசுக்கு உட்டிருக்கறன்" என்பாய். ஆறு மாதம் சர்வீசில் இருந்த அந்தப் பைக்கை ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் ஏஜெண்டின் தம்பி ஓட்டிக்கொண்டிருந்ததை உன் மனைவியே பார்த்தாள். அவளுக்குத் தெரியாது என்று கடைசிவரை நினைத்தாயே, மடையா.

"எனக்குக் கண்ட்ரோல் இருக்குது மாப்ள. நெனச்சா நாளைக்கே உட்டுருவேன்." எத்தனை தடவை கேட்டிருப்பேன்! நான்கு தடவை விட்டாய். ஒரு தடவை முருகன்மேல் சத்தியம் செய்தாய். அது மூன்று போர் வரைக்கும் தாங்கியது. குடிகாரன் என்றால் வாய் நாறும், ஊர் கண்டுபிடித்துவிடும். உன்னைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி இருந்தது. தண்ணீர் பீறிட்டு வந்து தோட்டக்காரர் கும்பிட்டு நிற்கும்போது நீ மட்டும் முகம் கறுத்து நிற்பாய். தண்ணீர் இன்னும் ஆழத்தில்தான் வரும் என்று பந்தயம் கட்டியிருப்பாய். தண்ணீர் வந்ததற்கு வருத்தப்பட்ட போர்க்காரன் உலகத்தில் நீ ஒருவன்தான்.

அப்புறம் அந்த ஓமலூர் போர். ஒண்டிக்கட்டையாகத் தோட்டம் பார்த்த அம்மாள் முதலிலேயே சொல்லிவிட்டார்: "ஐநூறு அடிக்குத்தான் சாமி எங்கிட்டத் தெம்பிருக்குது. அதுக்குமேல வேண்டாங்க." நீ அறுநூறுக்குள் தண்ணீர் வரும் என்று கல்யாண மோதிரத்தைக் கட்டியிருந்தாய். ஐநூறில் வெறும் கல்மாவுப் புகைதான் வந்தது. "இன்னும் ஒரே ஒரு ராடு. மீதி என் செலவுங்க" என்றாய். ராடுக்கு இருபது அடி. ஒரு ராடு நான்காயிற்று. ஐநூற்று எண்பதில் உள்ளே சரிந்து, பாறை உடைக்கும் ஹேமரும் அதைத் தாங்கிய ராடுகளும் சிக்கிக்கொண்டன. மூன்று நாள் இழுத்தும் வரவில்லை. அந்த அம்மாளுக்குத் தண்ணீரும் இல்லை, குழியும் அடைபட்டுப்போனது. நாம் வண்டியை விற்றோம். அடுத்த வருடம் நெஞ்சுவலியில் நீ போய்விட்டாய்.

உன் எழவுக்கு அந்த அம்மாள் வந்திருந்தார். "ஒரு பந்தயத்துக்காக உங்க தோட்டத்தையும் கெடுத்து, எங்க வண்டியையும் தொலைச்சுட்டான் பாருங்க" என்றேன் நான், உன் பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஐநூறுல அவரு என்ஜினை அமத்திட்டாருங்க. மோதரம் போனாப் போவுது, போதும்னு எறங்கிட்டாரு. நீங்கதானுங்க சிரிச்சுப்போட்டு, என்ன மாப்ள, அவ்வளவுதானான்னு கேட்டீங்க."

மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். மறைத்தேன். இந்த மடலில்கூட அந்த இடத்தைத் தாண்டித்தான் வந்திருக்கிறேன், மேலே பார். ஒரு டீயோடு நிறுத்திக்கொள்ளும் யோக்கியன் அல்லவா நான்! உன்னை இளக்காரமாகப் பார்ப்பதில் எனக்கு ஒரு ருசி இருந்தது. நீ திருந்திவிட்டால் நான் யாரைப் பார்த்துச் சிரிப்பேன்?

இப்போது டீக்குக்கூட நான் பந்தயம் கட்டுவதில்லை. அதில் பெருமை ஒன்றும் இல்லை. டீக்கடையில் காசு வைத்துச் சீட்டாடுகிறவர்களில் எவனாவது போதும் என்று எழுந்தால், மற்றவர்கள் சிரிப்பதற்குள் அவன் தோளில் கைபோட்டு வெளியே கூட்டிவந்து விடுகிறேன். நாலைந்து பேரை அப்படிக் கூட்டிவந்திருக்கிறேன். எவன் தோளில் கைபோட்டாலும், அது உன் தோளாக இல்லை மாப்பிள்ளை.