மதகடியில் நிஜமான ராஜினாமா

ஐப்பசி, முதல் வெள்ளி. இரவு.

ஒருவரும் நம்பப்போகாத கதை இது. நம்புகிறவனுக்கு என் மீசையில் பாதியைத் தருகிறேன்.

பஞ்சாயத்துத் தலைவராயிருந்து எம்.பி. ஆனவன் என் அக்காள் மகன் ஆரோக்கியம். அவன் டெல்லியில் முழங்கியதில் பார்லிமெண்டுத் தூண்கள் ஆடின. பிரதமரே நாற்காலியோடு நகர்ந்து உட்கார்ந்தார். “தீபாவளிக்குள்ள எங்க கடைமடைக்குத் தண்ணி வரலன்னா ராஜினாமா” என்று சொல்லிவிட்டு வெளியேறினான். எல்லாம் போன வாரம் டீக்கடையில் நான் அளந்தது.

இன்று மாலை அவன் ஊருக்கு வந்தான். காய்ந்த வாய்க்கால் மதகடியில் ஜனங்கள் காரை மறித்தார்கள். அஞ்சம்மாள் பழுத்துப்போன நாற்றுமுடி ஒன்றை அவன் கையில் திணித்தாள்.

“இதப் புடிச்சிக்கிட்டு சொல்லுங்க தம்பி. மவன் சிங்கப்பூர் போயிட்டான். பயிரும் போச்சுன்னா நானும் ப்ளேன் ஏறவா? தண்ணி வரலன்னா ராஜினாமா பண்றேன்னு சொன்னீங்களாமே, உங்க மாமா சொன்னாரு.”

ஆரோக்கியம் என்னைப் பார்த்தான். பொய் என்று சொல்ல வேண்டியவன் நான், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மதகைப் பார்த்தேன்.

“மாமா அளக்குறவருதான்,” என்றான். யாரும் சிரிக்கவில்லை. “ஆனா அந்த ராஜினாமா மட்டும் நெசங்க. தண்ணி வரலன்னா பண்ணிருவேன்.”

அவனோடு காரில் ஏறியதும் கேட்டேன், “ஏன் மாப்ள அப்படிச் சொன்ன?”

“நாத்தக் கையில குடுத்துட்டாங்களே மாமா. வேற என்ன சொல்றது?”

நாற்றுமுடி இன்னும் அவன் மடியில் இருந்தது.

மேட்டூர் அணையில் என்ன செய்கிறார்களோ. தூண் ஆடவில்லை, பிரதமர் நகரவில்லை. ராஜினாமா மட்டும் இன்று சாயங்காலத்திலிருந்து உண்மை.