ஓரம் நறுக்கிய அஞ்சலட்டை

பாட்ஸ்குவாரோ, அக்டோபர் 9

அன்பு மகன் அன்செல்மோவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை ஒப்துலியாவும் சுகம், ஏரிக்காற்றில் எனக்கு முழங்கால் வலி மட்டும். சிகாகோவில் நீயும் மருமகளும் சுகமாயிருக்க வேண்டும். கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று, இனி திட்டப் போகிறேன்.

போன வாரம் உன் பார்சல் வந்தது. பாவி, என்ன காரியம் செய்து வைத்திருக்கிறாய்! ஈஸ்டருக்கு வந்தபோது, கண்ணாடிச் சட்டம் போட்டு அனுப்புகிறேன் என்று நீ எடுத்துப் போனது நம் ஊர்ச் சதுக்கத்தின் பழைய புகைப்பட அஞ்சலட்டை. வந்ததில் கோபுரம் இருக்கிறது, நீரூற்று இருக்கிறது, இடது ஓரத்தில் குடம் சுமந்து நின்ற ஆளைக் காணோம். போனில் கேட்டால், "சட்டத்துக்குள்ள அடங்கலம்மா, ஓரத்துல யாரோ ஒருத்தர் மங்கலா நின்னாரு, அதான் நறுக்கிட்டேன்" என்கிறாய். யாரோ ஒருத்தரா? அவர் உன் தாத்தாடா! என் அப்பா ஃபிடென்சியோ! வீடு வீடாகத் தண்ணீர் சுமந்தவரை எந்தப் படக்காரன் கூப்பிட்டு உட்கார வைத்துப் படம் எடுத்தான்? தற்செயலாக அதில் விழுந்தார், அவருக்கென்று வேறு படமே கிடையாது. குவானாஹுவாதோ, தாஸ்கோ என்று ஊர் ஊராக அட்டை பொறுக்கித் திரிகிறேன் என்று சிரிப்பாயே, அப்படித் திரிந்ததில்தான் அவர் கிடைத்தார், சாய்ந்த தோளைப் பார்த்ததும் சந்தையிலேயே அழுதுவிட்டேன். இதை உன்னிடம் எத்தனை தடவை சொன்னேன்! உன் காது கால்பந்து ஆட்டத்தில் இருந்தது.

அட்டை விற்கும் கிரிசாந்தோவிடம் காட்டினேன். "எந்தக் கடன்காரன் கத்திரிக்கோலைப் புடிச்சான்?" என்று கத்தினார். என் மகன் என்று சொல்ல வாய் வரவில்லை. அதே படத்தில் இன்னும் அட்டைகள் போட்டிருப்பார்கள், தேடினால் கிடைக்கும் என்றார். உங்கள் ஊரிலும் பழைய சாமான் சந்தை உண்டல்லவா, ஞாயிற்றுக்கிழமை தூங்காமல் போய்த் தேடு. கம்ப்யூட்டரில் ஆளை வரைந்து சேர்த்துத் தருகிறேன் என்று மறுபடி சொன்னால் செருப்பு பிய்ந்துவிடும்.

இறந்தவர்கள் நாளுக்கு வீட்டுப் பீடத்தில் வேறு எதை வைப்பேன்? அந்த வெட்டுப்பட்ட அட்டையைத்தான் வைக்கிறேன், பக்கத்தில் பூவும் ரொட்டியும் ஒரு டம்ளர் தண்ணீரும். அன்றிரவு வீடு தேடி வரும் அப்பா, தன் முகம் இல்லாத வீட்டை அடையாளம் தெரியாமல் தெருவிலேயே நிற்பாரோ? எப்படியோ வந்து சேர்ந்து, என்னை யாரம்மா வெளியே தள்ளினது என்று கேட்டால் உன் பெயரைத்தான் சொல்வேன். மறைக்க மாட்டேன்.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும், குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நறுக்கிய துண்டு குப்பையில் கிடந்தாலும் கிளறி எடுத்து அனுப்பு, விரல் அகலம் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஃபிடென்சியோவின் மகள்,
பிறகுதான் உன் அம்மா,
லெயோகாடியா