பதினான்கு கம்பெனிகளின் பட்டியல்

மார்ச் 4

என் அன்பு அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு. போனை விட்டுவிட்டு ஏன் கடிதம் என்று நினைப்பாய். நேற்று சட்டப் பிரிவு மேலாளர் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, "கேஸ் போட்டிருக்கிறது உங்க அண்ணன்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "போன்ல பேசும்போது பார்த்துப் பேசுங்கம்மா" என்றார், ரொம்ப மரியாதையாக. அந்த மரியாதையைப் பார்த்த பிறகு போனைத் தொடவே இல்லை. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

ஏன் அண்ணா இந்த வேலை? நம் டயர் கம்பெனியில் உன்னிடம் இருப்பது நாற்பது ஷேர். ரிட்டயர் ஆனபோது கம்பெனியே கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு, நிர்வாக இயக்குநரின் சம்பளத்தைக் கோர்ட் குறைக்க வேண்டும் என்று மனுவா? பேப்பரில் உன் பெயரைப் படித்துவிட்டு கேண்டீனில் சிரித்தார்கள். நானும் சிரிப்பதுபோல நடித்தேன். அவர் சம்பளத்தை முடிவு செய்யும் கமிட்டிக்குக் காகிதம் தயாரிப்பவள் நான்தான் என்று உனக்குத் தெரியாதா? எனக்கு இன்னும் மூன்று வருடம் சர்வீஸ் பாக்கி. என் வீட்டுக்காரருக்கு வேலை போனதிலிருந்து வீடு என் ஒருத்தியை நம்பித்தான் ஓடுகிறது. வாபஸ் வாங்கிவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் தங்கை

மார்ச் 11

தங்கைக்கு, அன்பும் கொஞ்சம் பயமுமாக எழுதுவது,

அண்ணி படி ஏறும்போது மட்டும் என் வம்சத்தையே திட்டுகிறாள். ஆகவே முழங்கால் தேறி வருகிறது என்று வைத்துக்கொள்.

உன்னை நினைக்காமல் இதைச் செய்யவில்லை. ஆனால் ஆலையின் இரண்டாவது லைனை மூடிய வருடம், சூப்பர்வைசராக என் ஷிப்ட்காரர்களுக்கு வேலை இல்லை என்ற செய்தியைச் சொன்னது யார்? நான். அறுபத்திரண்டு பேர். சூடான டயர் வாசனையோடு ஒவ்வொருவராக என் கண்ணாடி அறைக்குள் வந்தார்கள். "கம்பெனி நிலைமை சரியில்லப்பா, மேல இருக்கறவங்க உள்பட யாருக்கும் காசு ஒண்ணும் கிடையாது" என்றேன். அதே வருடம் 'தனி லிஃப்ட்'டுக்குச் சம்பளம் ஒன்றரை மடங்கு ஆனது. (நிர்வாக இயக்குநரை நீங்கள் அங்கே ஆபீஸில் எப்படிச் சொல்வீர்களோ, எங்களுக்கு அவர் தனி லிஃப்ட்தான். அவர் ஏறினால் வேறு யாரும் ஏறக் கூடாதே.) அவர் ஒரு மாதத்தில் வாங்குவதை நான் முப்பத்தொரு வருடம் உழைத்தும் வாங்கவில்லை. அதைக்கூட விட்டுத் தள்ளு. என்னை அறுபத்திரண்டு பேருக்கு முன்னால் பொய்யன் ஆக்கிவிட்டார்கள். அதுதான் ஜீரணமாகவில்லை.

ஷேர்காரர்கள் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். பாதி கேள்வியில் மைக்கை அணைத்துவிட்டார்கள். கோர்ட்டில் அப்படி அணைக்க முடியாதே என்றுதான் போனேன். வாபஸ் வாங்கும் எண்ணம் இல்லை. கோபித்துக்கொள், ஆனால் எழுது.

அண்ணன்

மார்ச் 19

அண்ணாவுக்கு,

கோபம்தான். இருந்தாலும் எழுதுகிறேன்.

கோர்ட் சம்பளம் நிர்ணயிக்க ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று யோசித்தாயா? இன்றைக்கு அவருக்கு அதிகம் என்பார்கள். நாளைக்கு டிரைவருக்கு அதிகம், எனக்கு அதிகம் என்பார்கள். ஒரு கம்பெனியை நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று ஜட்ஜுக்கு எப்படித் தெரியும்? ஷேர்காரர்கள் ஓட்டுப் போட்டுக் கொடுத்த சம்பளம் அது. பிடிக்காவிட்டால் ஷேரை விற்றுவிட்டுப் போக வேண்டியதுதானே? இது சட்டப் பிரிவு மேலாளர் சொன்னதை ஒப்பிப்பது இல்லை, நானும் அப்படித்தான் நினைக்கிறேன். பெரும்பாலான நேரம்.

இந்த வாரம் என் மேஜை டிராயரை யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள். உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாமல் எழுந்து எழுந்து தண்ணீர் குடிக்கிறேன்.

தங்கை

ஏப்ரல் 2

தங்கைக்கு,

நேற்று வாய்தா. நீ எழுதிய அதே சந்தேகம்தான் ஜட்ஜுக்கும். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "எவ்வளவு இருந்தா நியாயம்? நீங்களே ஒரு நம்பர் சொல்லுங்க, பார்ப்போம்" என்றார். நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். என் வக்கீல் சின்னப் பெண். காகிதங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். கம்பெனி பக்கம் ஆறு வக்கீல்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"நம்பர் தெரியாம அதிகம்னு எப்படிச் சொல்றீங்க? கடைக்கடையாப் போய் விலை சொல்ற வேலை கோர்ட்டுக்குக் கிடையாது" என்றார் ஜட்ஜ். அடுத்த வாய்தாவில் சரியான பதில் இல்லாவிட்டால் தள்ளுபடி. அந்த ஆளைக் குறை சொல்லவும் முடியவில்லை, நியாயமாகத்தான் கேட்கிறார். அந்தச் சம்பளம் எங்கிருந்துதான் வருகிறது? வானத்திலிருந்து குதிக்கிறதா? நீ பதில் சொல்ல வேண்டாம், சும்மா புலம்புகிறேன்.

அண்ணன்

ஏப்ரல் 8

அண்ணா,

அத்தனை பேர் முன்னால் நீ விழித்துக்கொண்டு நின்றதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. சொல்கிறேன், உனக்கு மட்டும். படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடு.

நம்மைப் போன்ற பதினான்கு கம்பெனிகளின் தலைவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று வருடா வருடம் நான் ஒரு பட்டியல் போடுவேன். அதில் நடுவில் வரும் தொகைக்குச் 'சற்று மேலே' கமிட்டி கொடுக்கும். எங்கள் தலைவர் நடுவுக்குக் கீழே என்று சொல்லிக்கொள்ள எந்தக் கம்பெனிக்கும் மனசு வராது. பதினான்கு பேரும் இப்படியே செய்கிறார்கள். எல்லோரும் நடுவைத் தாண்டிப் போனால் நடு எங்கே போகும்? அதுவும் கூடவே மேலே போகும்.

இன்னொன்றும் இருக்கிறது. குறைவாகக் கொடுக்கும் கம்பெனி ஒன்றை எங்கள் சம்பளப் பிரிவு மேலாளர் வருடா வருடம் பட்டியலிலிருந்து பென்சிலால் அடிப்பார். அந்த இடத்தில் ஒரு பெரிய கம்பெனி வரும். இப்போது அந்தப் பதினான்கில் டயர் செய்வது இரண்டே பேர். ஒரு பேங்க் இருக்கிறது, ஒரு விமானக் கம்பெனி இருக்கிறது. மூன்று வருடமாக அவர் பென்சிலை எடுப்பதில்லை. அவர் எதை அடிப்பார் என்று தெரியும் என்பதால் நானே அடித்துக் கொடுத்துவிடுகிறேன். நல்ல பெயர்கூட வாங்கினேன். கமிட்டி அதைப் பதினோரு நிமிடம் பார்க்கும், பிறகு சாப்பிடப் போகும்.

கிழித்துவிடு அண்ணா. இது வெளியே போனால் நான் தொலைந்தேன்.

உன் தங்கை

ஏப்ரல் 24

தங்கைக்கு,

கிழிக்கவில்லை. வாய்தா அன்று காலை வரை கிழிக்கத்தான் நினைத்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டே போனேன். ஜட்ஜ் மறுபடி நம்பர் கேட்டார். கை தானாகப் பைக்குள் போய்விட்டது என்று எழுதினால் பொய். தெரிந்தேதான் எடுத்துக் கொடுத்தேன்.

ஜட்ஜ் இரண்டு முறை படித்தார். "நம்பர் சொல்ற வேலை எனக்கு வேண்டாம். ஆனா நம்பர் வந்த வழி நேர்மையான்னு கேட்கலாம், அது என் வேலைதான்" என்றார். நான் தேடிக்கொண்டிருந்த பதில் உன்னிடம் இருந்திருக்கிறது. ஆனால் கம்பெனி வக்கீல் எழுந்து, கடிதம் போலி, மனுதாரரே யாரையோ வைத்து எழுதிக்கொண்டது என்றார். கடிதம் உன்னுடையதுதானா என்று சொல்ல, கோர்ட் உன்னைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறது.

முதலில் உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பாய் என்றுதான் கேட்கவில்லை. திட்டியாவது இரண்டு வரி எழுது.

அண்ணன்

மே 3

தங்கைக்கு,

பதில் இல்லை. தபால்காரர் சைக்கிள் திரும்பும் வரை வாசலிலேயே நிற்கிறேன். அண்ணி என்னோடு பேசுவதில்லை. உன் பக்கம்தான் அவள். ஒரு வரி போடு.

அண்ணன்

மே 9

அண்ணாவுக்கு,

என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ரொம்ப நன்றாக வைத்திருக்கிறார்கள். "இது என் எழுத்து இல்லன்னு ஒரே ஒரு வார்த்தை போதும்மா. மத்ததை நாங்க பார்த்துக்கறோம்" என்று சட்டப் பிரிவு மேலாளர் சொன்னார். சொன்னால் வேலை நிலைக்கும், வீடும் நிலைக்கும். நீ கள்ளக் கடிதம் கொண்டுவந்தவன் ஆவாய். அதற்கு ஜெயில்கூட உண்டாம்.

திங்கட்கிழமை வருவேன். என் எழுத்து என்று சொல்வேன். பென்சில் கடைசியில் என் கையில்தான் இருந்தது என்பதையும் சொல்வேன். உன்னைக் காப்பாற்ற இல்லை. அந்தப் பட்டியலில் என் பங்கு உண்டு, அதை நான்தான் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். சரி என்றார்.

கேட்டால் வேண்டாம் என்பேன் என்று எழுதியிருந்தாய். ஆமாம், சொல்லியிருப்பேன். இரண்டு நாள் அழுதிருப்பேன், உன்னைக் கண்டபடி திட்டியிருப்பேன். மூன்றாம் நாள் நானே உன்னோடு கோர்ட்டுக்கு வந்திருப்பேன். என் அண்ணனுக்கு அது தெரிந்திருக்கும் என்று இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

நீ ஜெயிப்பாய் என்றுதான் தோன்றுகிறது. ஜெயிக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன். தீர்ப்பு எப்படி வந்தாலும் எனக்கு நீ எழுதாதே. அண்ணியை எழுதச் சொல்.

தங்கை