இடைவெளியில் ஒரு கோடு

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். நாளை விசாரணை அதிகாரி என்னிடம் கேட்பதற்கு முன் உன்னிடம் சொல்லிவிட வேண்டும்.

இன்று மாலை பள்ளிக் கணினியறையில் உன் நாற்காலியை இழுத்தேன். அதில் மாட்டியிருந்த உன் பழைய துப்பட்டாவில் இன்னும் வெடிமருந்து வாடை. திரையில், அறிவியல் கண்காட்சிக்காக நாம் செய்துகொண்டிருந்த புரத மாதிரி. ஒவ்வொரு அமினோ அமிலமும் ஒரு புள்ளி. நெருங்கியிருப்பவற்றுக்கு இடையே ஒரு கோடு. அமிலச் சங்கிலியில் எங்கோ தள்ளியிருக்கும் இரண்டு, புரதம் மடிந்ததும் ஒட்டிக்கொள்வதைப் பார்த்து அன்று நீ சிரித்தாய்.

“எங்க பட்டாசுக் கம்பெனி வேன் மாதிரி இருக்குடீ. ஏறுறது வேற வேற ஊரு. உள்ள ஒருத்தி மடி மேல இன்னொருத்தி.”

“நீயுமா போற?”

“சீசனுக்கு மட்டும். அம்மாகூட சரம் பின்ன.”

எவ்வளவு நெருக்கம் இருந்தால் கோடு போடுவது என்று யோசித்தபோது நீதான் சொன்னாய்: “கம்பெனியில ரூமுக்கும் ரூமுக்கும் எடம் விட்டுருக்காக, ஒண்ணு வெடிச்சா இன்னொண்ணுக்குப் பரவாதாம். ஆர்டர் சேந்துட்டா அந்த எடத்துலதான் வெடியக் காயப் போடுறாக.”

தீ பிடித்தது உன் அறையில் இல்லை. தள்ளியிருந்த வெடிமருந்து அறையில். இடையில் காய்ந்த வெடிகள் அதை உன்னிடம் கொண்டுவந்தன. வெளியே போயிருந்த உன் அம்மா தப்பினார்கள், நீ தப்பவில்லை. கேள்விப்பட்டதும் என் மனதில் தோன்றியது, அழுகைக்கும் முன்னால், ஒரு கோடு.

உன் காரியம் முடிந்த அன்று ஃபோர்மேன் உன் வீட்டுக்கு வந்தார். “புள்ள வேலை பாக்கலக்கா. ஒங்களுக்குச் சோறு கொண்டாந்துச்சு. விசாரணையில அப்படியே சொல்லிருங்க, கம்பெனி கைவிடாது.”

அவர் போனபின் உன் அம்மா என் கையைப் பிடித்தார்கள். “அவ சேக்காளின்னு ஒன்னையும் கேப்பாக, நீயும் அப்படியே சொல்லிரு தாயி. சின்னவளுக்கும் அங்கனயே வேலை தாரேன்னுருக்காக.”

உன் தங்கை கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்று ஒரு புள்ளியை நீக்கிப் பார்த்தேன். அதைத் தொட்ட கோடுகளும் சேர்ந்து மறைந்தன. நீ அந்த அறையில் வேலை பார்க்கவில்லை என்றால், இடையில் வெடி காயப்போட்டதைப் பார்த்துச் சொன்னவளும் இல்லை. அங்கே மறுபடியும் காயப்போடுவார்கள். பக்கத்து அறையில் உன் தங்கை உட்கார்ந்திருப்பாள்.

அதனால் சொல்லப்போகிறேன். நீ சரம் பின்னினாய், வெடி எங்கே காய்ந்தது, எல்லாவற்றையும். உன் அம்மா இனி என் முகத்தில் விழிக்கமாட்டார்கள். உன் தங்கைகூட என்னைத் திட்டலாம். அதோடுதான் நான் இருக்க வேண்டும்.

இன்னும் எழுத இருக்கிறது. வாட்ச்மேன் விளக்குகளை அணைக்கத் தொடங்கிவிட்டார்.