ஃபில்டரில் ஒரு சிவப்புப் புள்ளி

மார்ச் 3, செவ்வாய்

நாளை கார் அத்தானின் பட்டறைக்குப் போகிறது, ஆயில் மாற்ற. அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, பதினாறு வருடங்களாக, எங்கள் குடும்பத்துக் கார்களின் அடிவயிற்றை அவரைத் தவிர யாரும் பார்த்ததில்லை. எதை மாற்றினார், எதைத் துடைத்து மாட்டினார் என்று கேட்பது மரியாதைக் குறைவு. உறவினர்கள் இவ்வளவு வசதியான வாடிக்கையாளர்கள் என்று முன்பே தெரிந்திருந்தால் நானும் பட்டறை வைத்திருப்பேன்.

காப்பீட்டு அலுவலகத்தில் விபத்து மனுக்களை விசாரிப்பது என் வேலை. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறேன். வீட்டில் இலவசமாகச் செய்கிறேன். மாலையில் காருக்கு அடியில் படுத்து, ஆயில் ஃபில்டரின் அடியில் மனைவியின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். ஆயில் மாற்றும்போது ஃபில்டரையும் மாற்ற வேண்டும். புதிது மாட்டினால் புள்ளி இருக்காது. புள்ளி இருந்தால் அத்தான் இருக்க மாட்டார், என் மனத்தில்.

"உங்க வேலைய ஆபீசோட வெச்சுக்கக் கூடாதா?" என்றாள் மனைவி. பாட்டிலைப் பிடுங்கி மூடினாள்.

மார்ச் 4

மாலையில் கார் வந்தது. கழுவி அனுப்பியிருந்தார். காரணமில்லாமல் கழுவப்பட்ட கார் என் தொழிலில் நல்ல சகுனம் இல்லை.

டார்ச்சோடு அடியில் போனேன். புள்ளி இருக்கிறது. அதே இடம், அதே சிவப்பு.

ஒன்றைக் குறித்துவைக்க வேண்டும். கோபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது சந்தோஷம்.

மார்ச் 5

பட்டறையில் நான்கு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். சாட்சிகள் இருப்பது நல்லது என்று நினைத்தேன். அக்கா மேசையில் ரசீது எழுதிக்கொண்டிருந்தாள்.

"அத்தான், ஃபில்டர் மாத்தினீங்களா?"

அவர் அக்காவைப் பார்த்தார். இருவரும் சிரித்தார்கள். "வந்துட்டான் பாரு உன் தம்பி. என்ன மாப்ள, அடில படுத்துப் பாத்தியா?"

"பாத்தேன்."

"கழட்டிப் பாத்தியா?"

"திருட்டக் கழட்டிப் பாக்கணுமா? வெளிலயே தெரியுதே."

அக்காவின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது. நான் வாடிக்கையாளர்கள் பக்கம் திரும்பி, "பதினாறு வருஷமா எத்தனை வண்டிக்குப் பழசையே துடைச்சு மாட்டியிருக்காரோ" என்றேன். ஒருவர் மேசைமேல் வைத்திருந்த தன் சாவியை எடுத்துக்கொண்டார். நன்றாக நடக்கும் விசாரணையின் அடையாளம் அது.

அத்தான் சொன்னது இரண்டே வார்த்தை. "வெளில போ."

மார்ச் 6

அக்கா போன் செய்தாள். "திருடன் பொண்டாட்டிக்கு எதுக்குத் தம்பி? இனிமே என்னை அக்கான்னு கூப்பிடாத." ஐந்து முறை திரும்ப அழைத்தேன், எடுக்கவில்லை. இந்த விவகாரத்தில் ஏமாற்றப்பட்டவன் நான் என்பது யார் நினைவிலும் இல்லை.

மார்ச் 8

அத்தான் மாற்றாத ஆயிலை நானே மாற்றப்போகிறேன். வீடியோவில் ஒருவர் வெள்ளைச் சட்டையோடு பத்து நிமிடத்தில் முடிக்கிறார். இதற்கா வண்டியைத் தூக்கும் மேடை, கம்ப்ரசர், மூன்று மெக்கானிக்குகள்! ஆயில், ஃபில்டர், ஸ்பேனர், ஜாக்கி, தாங்குகால், புனல் எல்லாம் வாங்கிவிட்டேன்.

"இதெல்லாம் வாங்கினதுக்கு ஒரு போன் போட்டு, தெரியாமச் சொல்லிட்டேன்னு சொல்லியிருக்கலாம்" என்றாள் மனைவி.

தெரிந்துதானே சொன்னேன்.

மார்ச் 15, ஞாயிறு

காலை எட்டுக்கு ஆரம்பித்தேன். வெள்ளைச் சட்டை போடவில்லை. அவ்வளவு பணிவு எனக்கு உண்டு. பதினொன்றுக்கு ஆயில் வடிக்கும் போல்ட் கழன்றது. கூடவே ஆயிலும் வந்தது, முழங்கை வழியாக அக்குள் வரை. தேன் நிறத்தில் இருந்தது. பழைய ஆயில் கறுப்பாக இருக்கும் என்று வீடியோக்காரர் சொல்லியிருந்தார். அவருக்கு எல்லாம் தெரியுமா என்ன?

ஃபில்டர் இன்னும் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. கடைசியில் கையோடு வந்தது. கீழேயிருந்து பார்த்தால் தெரியாத, எஞ்சினை ஒட்டிய பக்கத்தில், வெள்ளை மார்க்கரில் அத்தானின் கையெழுத்து. 4.3 என்று தேதி. அதற்குக் கீழே அன்றைய கிலோமீட்டர். அதற்கும் கீழே:

புள்ளியும் வெச்சாச்சு மாப்ள.

அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு ஏதோ கை போன போக்கில் புது ஃபில்டரைத் திருகி, ஆயிலை ஊற்றி, எழுந்து வந்தேன்.

மார்ச் 16

மனைவியை விசாரித்தேன்.

"நீ அக்காகிட்ட சொன்னியா?"

"நான் ஏன் சொல்லணும்? பழசக் கழட்டினப்போ அண்ணனே பாத்துட்டாராம்." என் அத்தான் அவளுக்கு அண்ணன் முறை. "நானும் அண்ணியும் ஒண்ணாத்தான் வாங்கினோம், ஒரே கலர். புதுசுல புள்ளி வைக்க அண்ணிதான் அவங்க பாட்டிலை எடுத்துக் குடுத்தாங்களாம். நீங்க வந்து கேப்பீங்க, கழட்டிக் காட்டி, வருஷம் பூரா உங்கள ஓட்டலாம்னு இருந்தாங்களாம்."

"இத எப்ப சொன்னாங்க?"

"அஞ்சாம் தேதி. அழுதுட்டே."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்கதான் என்ன விசாரிக்கவே இல்லியே."

ஆதாரத்தை மாற்றியமைத்தல். எங்கள் அலுவலகத்தில் இதற்குத் தனிப் படிவமே உண்டு. மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் அவர்கள்தான் என்று ஒரு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தேன். நான் தினமும் நிராகரிக்கும் மனுக்கள் இப்படித்தான் இருக்கும். கிழித்துவிட்டேன்.

மார்ச் 17

அலுவலகம் போகும் வழியில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. உடனே எஞ்சினை அணைத்தேன். இறங்கிப் பார்த்தால், வீட்டிலிருந்து வந்த வழியெல்லாம் ஆயில் கோடு. இழுவை வண்டிக்காரர், "எந்தப் பட்டறை சார்?" என்றார். ஊரில் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அத்தானின் முகவரியைச் சொன்னேன்.

அத்தான் ஃபில்டரைக் கழற்றினார். ஒரு ரப்பர் வளையத்தை விரலால் நெம்பி எடுத்து மெக்கானிக்கிடம் காட்டினார், என்னிடம் அல்ல. "பழைய வளையம் எஞ்சின்லயே ஒட்டியிருக்கு. அது மேலயே புதுசத் திருகியிருக்காங்க. ஒழுகாம என்ன பண்ணும்? கழட்டினதப் பாத்தவங்க, கழட்டின இடத்தப் பாக்கல."

மெக்கானிக் நகரும்வரை காத்திருந்தேன். நான்கு பேர் முன்னால் கத்தியதை, சுவரோரமாக, மெதுவான குரலில் அத்தானிடம் திரும்பப் பெற்றேன்.

"சத்தமா சொல்லுங்க சார். கம்ப்ரசர் ஓடுது."

பெஞ்சில் ஆறு பேர் இருந்தார்கள். சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "அந்த மேசைல ரசீது போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வரிசையில் நின்றேன். என் முறை வந்தது.

"பேரு?" என்றாள் அக்கா, தலை நிமிராமல்.

"அக்கா..."

"பேரு சொல்லுங்க. பின்னாடி ஆள் நிக்கறாங்க."

சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

மார்ச் 19

கார் வந்தது. கழுவவில்லை.

டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தேன். புது ஃபில்டர். ஒழுகல் இல்லை. புள்ளியும் இல்லை.

மூன்று முறை பார்த்தேன்.